காசு கொடுத்து வாங்கிய ப்ளூ-ரேக்கு நகல் எடுக்கலாமா?

கேள்வி: சென்னையிலிருந்து வாங்கி வந்த ப்ளூ-ரே படங்கள் என்னிடம் நிறைய உண்டு. கணினியில் உபுண்டு இயங்குதளம், விஎல்சி பிளேயரில் போட்டால் ஓடவில்லை. பூட்டைத் திறந்து ஹார்டு டிஸ்கில் நகல் வைத்துக்கொண்டால் குற்றமா? மகளின் கல்யாண வட்டும் இருக்கிறது. ஒரு படத்தைக் கோயில் மண்டபத்தில் போடச் சொல்லிக் கேட்கிறார்கள்.
வாசகர், சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: ப்ளூ-ரே படங்களை நகலெடுக்க விடாமல் தடுக்கும் ஏஏசிஎஸ் பூட்டைத் திறக்க விஎல்சிக்கு லிப்ஏஏசிஎஸ் என்ற மென்பொருள் நூலகமும் சாவிக் கோப்பும் வேண்டும். நேற்று வரை ஓடிய டிரைவ், புது வட்டு ஒன்றைப் போட்டபின் மறுத்தால் அது பழுதல்ல. அந்த வட்டிலிருந்த, ரத்தான சான்றிதழ்களின் பட்டியல் டிரைவில் பதிந்து, பிளேயர் மென்பொருள் காட்டும் பழைய சான்றிதழைத் தள்ளிவிடுகிறது. ப்ளூ-ரே வட்டுகளுக்கு விற்பனைப் பகுதி வாரியாக மண்டலக் குறி உண்டு: இந்தியா சி, தென்னாப்பிரிக்காவில் நாம் பி. அதைச் சரிபார்ப்பது பிளேயர்தான், டிரைவ் அல்ல.

பூட்டுத் திறக்கும் மென்பொருளை வைத்திருப்பதையே குற்றமாக்கியிருந்தது நம் நாட்டின் 2002ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 86ஆம் பிரிவு. சைபர் குற்றச் சட்டம் (19/2020) அதை நீக்கிவிட்டது. இந்தப் புதிய சட்டத்தின் 4ஆம் பிரிவுக்குக் குற்ற நோக்கம் வேண்டும். சொந்த வட்டை வீட்டில் பார்ப்பவர் மீது அதை நிரூபிப்பது கடினம் என்பது என் கணிப்பு.

நகல் விஷயம் அப்படியல்ல. ‘காசு கொடுத்தேன், காப்பு நகல் என் உரிமை’ என்று பலர் நம்புகிறார்கள். 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் காப்பு நகல் அனுமதி கணினி நிரல்களுக்கு மட்டும் (19பி). சொந்த உபயோகத்துக்கான 12(1)(அ) விலக்கைத் திரைப்படங்களுக்கு 16ஆம் பிரிவு நீட்டவில்லை. ஆகவே வீட்டு நகலும் மீறல்தான்; ஆனால் சிவில் மீறல். விற்றாலோ, வாடகைக்கு விட்டாலோ 27ஆம் பிரிவு வரும்: முதல் தடவை ஒவ்வொரு பிரதிக்கும் 5,000 ராண்ட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நியாயப் பயன்பாட்டை (அனுமதி கேட்காமலே நியாயமான அளவில் பயன்படுத்தும் உரிமையை) கொண்டுவரும் பதிப்புரிமைத் திருத்த மசோதாவைக் குடியரசுத் தலைவர் 2024இல் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அதை நம்பி நகல் எடுக்காதீர்கள்.

கோயில் மண்டபம்? அசல் வட்டே ஆனாலும், டிக்கெட் இல்லாவிட்டாலும், பொதுவில் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

கல்யாண வட்டு வேறு கதை. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்பதால், ஒப்பந்தம் மாற்றிச் சொல்லாதவரை 21(1)(சி) பிரிவுப்படி உங்களுடையது. வீடியோக்காரர் எழுதிய வட்டில் பெரும்பாலும் பூட்டும் இராது. ஒற்றை அடுக்கு வட்டுக்கு 25 ஜிபி இடம் ஒதுக்கி, பழுதான வட்டிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ நிரலால் நகல் எடுங்கள். கீறல் விழுந்த இடத்தில் நின்றுவிடாமல் தாண்டிப் போய், பிறகு அங்கே திரும்பி வரும். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் வரைபடக் கோப்பின் (மேப்ஃபைல்) பெயரையும் கட்டளையில் சேர்த்துவிட்டால், பாதியில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பின்னணியில் ஓடும் சினிமாப் பாட்டு மட்டும் உங்களுடையதல்ல. யூடியூபில் ஏற்றுமுன் அதை எடுத்துவிடுங்கள்.