ஆஃப்செட் எண்ணை மட்டும் பார்த்து ரிம் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் முதல் தலைமுறை டொயோட்டா 86 இருக்கிறது. கம்பெனியில் வந்த ரிம் 17×7 (17 அங்குல விட்டம், 7 அங்குல அகலம்), ஈடி 48. டயர் 215/45 ஆர்17. இதைக் கழற்றிவிட்டு 18×8.5, ஈடி 35 ரிம்மும் 235/40 ஆர்18 டயரும் போட ஆசை. "போல்ட் பேட்டர்ன் ஒன்றுதான், அப்படியே ஏறிவிடும்" என்கிறார் விற்பவர். சஸ்பென்ஷனில் கை வைக்கவில்லை. வாங்கலாமா?

பதில்: ஏறும். இரண்டும் 5×100, அதாவது 100 மிமீ வட்டத்தில் ஐந்து துளை, என்றால் ஏறத்தான் செய்யும். ஏறிய பிறகு சக்கரம் எங்கே போய் நிற்கும் என்பதைத்தான் விற்பவர் சொல்லவில்லை.

ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (காரில் சக்கரம் மாட்டும் பகுதி) ஒட்டி உட்காரும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். ஈடி என்று பொறித்திருப்பது அதைத்தான். எண் கூடினால் சக்கரம் காருக்குள் போகும், குறைந்தால் வெளியே வரும். 48-இல் 35 போனால் 13, ஆக 13 மிமீ வெளியே வரும் என்று பலரும் கணக்கை முடித்துவிடுகிறார்கள். ரிம்மின் அகலமும் சேர்ந்து மாறுகிறதே!

சரியான கணக்கு இது. ரிம் அகலத்தில் பாதியை மில்லிமீட்டரில் எடுங்கள், ஓர் அங்குலம் 25.4. அதிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் ஹப் முகத்திலிருந்து வெளிவிளிம்பு எவ்வளவு தூரம் என்று கிடைக்கும், கூட்டினால் உள்விளிம்பு. உங்கள் பழைய ரிம்முக்குப் பாதி அகலம் 88.9. வெளியே 40.9, உள்ளே 136.9. புதியதற்குப் பாதி அகலம் 107.95. வெளியே 72.95, உள்ளே 142.95. அதாவது வெளிப்பக்கம் 32 மிமீ நகர்கிறது, உள்பக்கமும் 6 மிமீ நெருங்குகிறது. ஆஃப்செட் குறைந்தும் உள்ளே இடம் குறைகிறது பாருங்கள். அகலம் தெரியாமல் ஈடி எண்ணை மட்டும் யாராவது சொன்னால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது டயர். 235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அதில் 40 சதவீதம் 94 மிமீ, அது சைட்வால், அதாவது டயரின் பக்கச்சுவர், உயரம். மேலும் கீழும் சேர்த்து 188, அதோடு 18 அங்குல ரிம்மின் 457.2-ஐக் கூட்டினால் விட்டம் 645.2 மிமீ. பழைய டயருக்கு இதே கணக்கில் 625.3 வரும். 20 மிமீ வித்தியாசம், 3.2 சதவீதம். டயர் சுற்றிலும் 10 மிமீ பெரிதாகிறது என்றால் ஃபெண்டருக்கும் (சக்கரத்தின் மேல் வளையும் பாடித் தகடு), ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது முன்சக்கரக் குழியின் ஓரத்துக்கும் அவ்வளவு நெருங்குகிறது. ரிம்மைவிட இந்த டயர்தான் எனக்குக் கவலை தருகிறது.

ஸ்பீடோமீட்டரும் இதில் மாட்டுகிறது. இதுவரை துல்லியமாகக் காட்டியிருந்தால், இனி 100 காட்டும்போது கார் 103-இல் போகும். ஐ.நா. ஒழுங்குமுறை எண் 39-இன்படி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் கூட்டியே காட்டும்படி வைப்பது அதனால்தான். பெரிய டயர் அந்தக் கூடுதலைத் தின்றுவிடும். கியரும் அதே 3.2 சதவீதம் நீளும், அதாவது எஞ்சினின் ஒரு சுற்றுக்குக் கார் அவ்வளவு கூடுதல் தூரம் போகும். டர்போ இல்லாத இரண்டு லிட்டர் எஞ்சின் அது. கிளம்பும்போது கொஞ்சம் மந்தமாகத்தான் தெரியும்.

நானாக இருந்தால் டயரிலிருந்து தொடங்குவேன். 225/40 ஆர்18-இன் விட்டம் 637.2, வித்தியாசம் 1.9 சதவீதம். 225/45 ஆர்17-க்கு 634.3, 1.4 சதவீதம். இந்த இரண்டுக்குமே 8 அங்குல ரிம் பொருத்தமான அகலம். ஈடி 45 எடுத்தால் வெளியே சுமார் 16, உள்ளே சுமார் 10 மிமீ நகரும். இரண்டில் எது என்றால் 17-தான் என் தேர்வு. சைட்வால் கொஞ்சம் மிஞ்சும், ஒரே மாதிரித் தயாரிப்பில் ரிம் எடையும் பெரும்பாலும் குறைவு. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை இலகுவான காரில் கையில் தெரியும். 18-இன் அழகு வேண்டும் என்றால் அதுவும் நியாயமான ஆசைதான், அழகுக்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள்.

வெளியே மிகவும் தள்ளினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். ஸ்டீயரிங் திரும்பும் அச்சிலிருந்து டயரின் நடு விலகிப் போகிறது. சாலையில் கோடு, பள்ளம் எது வந்தாலும் ஸ்டீயரிங் அதன் பின்னால் இழுபடும். வீல் பேரிங்குக்குச் சுமை கூடும். நெம்புகோல் நீள்வதால் அதே ஸ்பிரிங் சற்று மெத்தென்று நடந்துகொள்ளும். ஐந்து பத்து மில்லிமீட்டருக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியாது. 32 அப்படியில்லை.

காசைக் கொடுக்கும் முன் அளந்துவிடுங்கள். ஒரு நூலில் நட்டைக் கட்டி, சக்கரத்தின் உச்சிக்கு நேராக ஃபெண்டர் விளிம்பிலிருந்து தொங்கவிடுங்கள். நட் ஆடி நின்றதும் நூலுக்கும் டயரின் புடைப்புக்கும் நடுவே ஸ்கேல் வையுங்கள். வெளிப்பக்க இடம் அதுதான். ரிம் விளிம்பை வைத்து மட்டும் அளக்காதீர்கள். டயர் அதைத் தாண்டிப் புடைக்கும், ரிம் அகலம் அரை அங்குலம் கூடினால் டயரும் ஏறக்குறைய 5 மிமீ விரியும். உள்பக்கம், முன்சக்கரத்தில் ஸ்ட்ரட்டுக்கும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) டயருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இந்தக் காரின் முன்பக்கத்தில் உள்ள மக்ஃபர்சன் சஸ்பென்ஷன் அமைப்பில் ஸ்ட்ரட்டும் சக்கரமும் சேர்ந்தே திரும்புவதால் அந்த இடைவெளி பெரிதாக மாறாது. புது டயரை ஏற்றிய பிறகும் 5 மிமீ இருந்தால் எனக்குத் திருப்தி. ஃபெண்டர் பக்கம் அவ்வளவு கறாராக வைக்க முடியாது, பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் மேலே ஏறும். அப்புறம், பிரேக் காலிப்பருக்கு இடம் இருக்கிறதா என்பதை எந்த எண்ணும் சொல்லாது. அது ஸ்போக்கின் வளைவைப் பொறுத்தது, மாட்டிச் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: புது ரிம் வாங்கிவிட்டேன். உள்ளே ஸ்ட்ரட்டில் டயர் லேசாக உரசுகிறது. 5 மிமீ ஸ்பேசர் போட்டால் போதும் என்கிறார்கள். ஆபத்தா?

பதில்: ஸ்பேசர் என்றாலே ஆபத்து இல்லை. ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தட்டுதான் அது. 5 மிமீ ஸ்பேசர் போடுவது ஈடி எண்ணை 5 குறைப்பதற்குச் சமம், அவ்வளவுதான். ஆனால் ஸ்டட்டின் (ஹப்பிலிருந்து நீண்டு நிற்கும், நட் ஏறும் போல்ட்) மரையில் அந்த 5 மிமீ போய்விடுகிறது. 12 மிமீ ஸ்டட் என்றால் நட் குறைந்தது 12 மிமீ ஆழத்துக்குக் கடிக்க வேண்டும். மரை இடைவெளி 1.5 மிமீ என்றால் 8 முழுச் சுற்று, 1.25 என்றால் 10. கையால் சுற்றி எண்ணிப் பாருங்கள். குறைந்தால் நீள ஸ்டட் மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

இன்னொன்று, ஹப்பின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் வளையம்தான் சக்கரத்தைச் சரியாக நடுவில் நிறுத்துகிறது. ஸ்பேசர் அதை மூடிவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும். தனக்கென்று வளையம் உள்ள ஸ்பேசராகக் கேளுங்கள். மெல்லிய ஸ்பேசரில் அந்த வளையத்துக்கு இடம் இருக்காது, அப்போது ஹப் வளையம் வெளியே எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு ஸ்பேசரை அடுக்கிப் போடச் சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். நட்டின் அடிப்பகுதி கூம்பா, உருண்டையா என்பதும் ரிம்மோடு பொருந்த வேண்டும். மாட்டி 100 கிமீ-க்குள் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: நான்கு சக்கர இயக்கமுள்ள காரில் பின்னால் மட்டும் அகல டயர் போடலாமா?

பதில்: அகலம் மாறலாம், உருளும் சுற்றளவு மாறக் கூடாது. நிசான் ஜிடி-ஆர் ஆர்35-ஐப் பாருங்கள். முன்னால் 255/40, பின்னால் 285/35, இரண்டும் 20 அங்குலம். கணக்குப் போட்டால் 712 மிமீ, 707.5 மிமீ. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. இதைவிட அடிக்கடி நடக்கும் தவறு, இரண்டு டயரை மட்டும் புதிதாக மாற்றுவது. ட்ரெட் 4 மிமீ தேய்ந்த டயரின் விட்டம் 8 மிமீ குறைந்திருக்கும். ஜிடி-ஆரின் முன்பின் வித்தியாசத்தைவிட இது அதிகம், முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல் உள்ள காரில் வேலை முழுக்க அதன் தலையில் விழும்.

கேள்வி: பழைய டயரில் 87டபிள்யூ என்று இருக்கிறது. அதே அளவில் 84வி மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

பதில்: வேண்டாம். 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும், 84 என்றால் 500 கிலோ. டபிள்யூ 270 கிமீ வேகம் வரை, வி 240 வரை. உங்கள் காருக்குக் கதவோரத்து ஸ்டிக்கரில் என்ன போட்டிருக்கிறதோ அதற்குக் கீழே இறங்காதீர்கள்.