ஒரு குழுவுக்குப் பிடித்த தொலைக்காட்சித் தொடர்களைத் தரவரிசைப்படுத்த நல்ல வழி எது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: நாற்பது பேர் இருக்கிற குழு, எல்லோரும் தொடர் பார்ப்பவர்கள், 'நம் குழுவின் முதல் 25' என்று ஒரு பட்டியல் போட ஆசை. ஒவ்வொரு தொடருக்கும் மதிப்பெண் வாங்குவதா, வாக்கெடுப்பு வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதே அளவுள்ள எங்கள் குழுவுக்கு நான் இந்த வேலையை இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை வந்த பட்டியலை யாருமே நம்பவில்லை. இரண்டாவது பட்டியலை இன்றைக்கும் பலர் எடுத்துப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதில் பெரியது ஒன்றுதான்: 'எது பிடிக்கும்?' என்று கேட்பதற்கு முன்னால் 'எதையெல்லாம் பார்த்திருக்கிறீர்கள்?' என்று கேட்டுவிடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதல் முறை நான் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டேன். எல்லோருக்கும் தோன்றுகிற வழி அதுதான். சராசரி போட்டுப் பார்த்தால், முதலிடத்தில் நாலே பேர் பார்த்த ஒரு தொடர் வந்து உட்கார்ந்திருந்தது. நாலு பேரும் 9, 10 என்று அள்ளிக் கொடுத்திருந்தார்கள், சராசரி 9.5. முப்பது பேர் பார்த்து, பெரும்பாலோர் மனசார ரசித்த தொடர் 8.3 வாங்கிக் கீழே கிடந்தது. சின்னத் தொடரைத் தேடிப்போய்ப் பார்க்கிறவர் ஏற்கெனவே அந்த வகை பிடித்தவர்தான். அவர் குறைத்துப் போட வாய்ப்பே குறைவு. எல்லோரும் பார்க்கிற தொடரைப் பிடிக்காதவரும் பார்த்துவிடுகிறார், குறைத்துப் போடுகிறார்.

இதற்கு ஒரு மருந்து உண்டு. படங்களுக்கும் தொடர்களுக்கும் பார்வையாளர்கள் மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளம் தன்னுடைய முதல் 250 பட்டியலுக்கு வெகுகாலம் வெளிப்படையாகச் சொல்லி வந்த சூத்திரம் அது. ஒவ்வொரு தலைப்புக்கும் சில கற்பனை வாக்குகளைச் சேர்த்துவிடுவார்கள், அந்தக் கற்பனை வாக்குகள் எல்லாம் பொதுச் சராசரியைப் போட்டதாகக் கணக்கு. குழுவின் பொதுச் சராசரி 7, கற்பனை வாக்கு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் 9.5 போட்ட தொடருக்கு 38-உடன் 70 சேர்ந்து 108, அதை 14-ஆல் வகுத்தால் 7.71. முப்பது பேர் 8.3 போட்ட தொடருக்கு 249-உடன் 70 சேர்ந்து 319, அதை 40-ஆல் வகுத்தால் 7.98. இப்போது பெரிய தொடர் மேலே வந்துவிடும். கொஞ்சம் பேர் சொன்னதைக் கொஞ்சமாக நம்பு என்பதுதான் இதில் உள்ள யோசனை.

ஆனாலும் நான் மதிப்பெண் முறையைக் கைவிட்டேன். எங்கள் குழுவில் ஒருவர் உயிராக நேசிக்கும் தொடருக்கே 7தான் போடுவார். இன்னொருவர் முழுசாகப் பார்த்து முடித்த எல்லாவற்றுக்கும் 10. இந்த இரண்டு பேருடைய எண்களையும் கூட்டி வகுப்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது? வரிசைப்படுத்தச் சொன்னால் இந்தப் பிரச்சினை வராது. ஏழு போடுகிறவருக்கும் பத்து போடுகிறவருக்கும் முதலிடம் என்பது ஒரே பொருள்தான்.

அதனால் இரண்டாம் முறை ஆளுக்குப் பத்துத் தொடர் கேட்டேன், பிடித்த வரிசையில். இப்படி வாங்கிய வரிசையை எண்ண எளிய வழி, முதலிடத்துக்கு 10 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 9, கடைசிக்கு 1 என்று கொடுப்பது. இது 18-ஆம் நூற்றாண்டில் ழான் சார்ல் த போர்டா என்ற பிரெஞ்சு அறிஞர் முன்வைத்த முறையின் ஒரு வடிவம். பிரெஞ்சு அறிவியல் கழகம் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கவே இந்த முறையைக் கொஞ்ச காலம் வைத்திருந்தது.

இங்கே கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள், ஏனென்றால் புள்ளிகளை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதே வெற்றியைத் தீர்மானிக்கும். ஒரு தொடரை 7 பேர் முதலிடத்தில் வைக்கிறார்கள், வேறு யாரும் தொடவில்லை. இன்னொன்றை யாருமே முதலிடத்தில் வைக்கவில்லை, ஆனால் 15 பேர் ஐந்தாமிடத்தில் வைத்திருக்கிறார்கள். 10, 9, 8 என்று போனால் முதல் தொடருக்கு 70, இரண்டாவதற்கு 90. ஐரோப்பாவில் நடக்கும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் 1975 முதல் இருக்கிற 12, 10, 8, 7, 6 வரிசையைப் போட்டால் 84-க்கு 90. இன்னும் இரண்டாவதுதான் முன்னால், ஆனால் நெருங்கிவிட்டது. முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு அரை, மூன்றாமிடத்துக்கு மூன்றில் ஒன்று என்று கொடுத்தால் 7-க்கு 3. அப்படியே தலைகீழ். வாக்குச்சீட்டு ஒன்றுகூட மாறவில்லை!

எது சரி என்று கேட்டால், உங்கள் பட்டியல் எதைச் சொல்ல வேண்டும் என்பதைப் பொறுத்தது. குழு முழுக்கப் பரவலாகப் பிடித்ததைச் சொல்ல வேண்டுமானால் 10, 9, 8 போதும். சிலருக்கு உயிரான தொடர்களை மேலே கொண்டுவர வேண்டுமானால் முதலிடத்துக்குக் கனம் கூட்டுங்கள். நான் யூரோவிஷன் வரிசையை எடுத்துக்கொண்டேன். ஒரு தொடரை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது சும்மா எடுக்கிற முடிவில்லை, அதற்கு ஒரு புள்ளிக்கு மேல் மதிப்பு இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எதை எடுத்தாலும் வாக்கு வருவதற்கு முன்பே அறிவித்துவிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு அளவுகோலை மாற்றினால் குழுவில் நம்பிக்கை போய்விடும்.

சரி, 'பார்த்தது எது' விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பாட்டைக் கேட்க நாலு நிமிஷம் போதும். தொடர் அப்படியில்லை. 'த வயர்' 60 பகுதிகள், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 73. யாராலும் எல்லாவற்றையும் பார்த்திருக்க முடியாது. ஆகவே ஒருவருடைய பத்தில் ஒரு தொடர் இல்லையென்றால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம்: பார்த்தார், பிடிக்கவில்லை. அல்லது பார்க்கவே இல்லை. புள்ளிக் கணக்கு இரண்டையும் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்கிறது.

நான் செய்தது இதுதான். முதல் வாரம் எல்லோரும் தொடர்களின் பெயரை மட்டும் முன்மொழிந்தார்கள். அதிலிருந்து ஒரு நீண்ட பட்டியல் தயாரித்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'பார்த்தேன்' என்று ஒரு டிக் போடச் சொன்னேன். பார்த்தேன் என்றால் குறைந்தது ஒரு சீசன் முழுசாக. அடுத்த வாரம்தான் பத்துத் தொடர் வரிசை. எண்ணி முடித்தபோது ஒரு தொடரை 11 பேர்தான் பார்த்திருந்தார்கள், அதில் 9 பேர் தங்கள் பத்தில் சேர்த்திருந்தார்கள். இன்னொன்றை 36 பேர் பார்த்திருந்தார்கள், 14 பேர் சேர்த்திருந்தார்கள். புள்ளியில் இரண்டாவதுதான் வெகு மேலே. பார்த்தவர்களில் எத்தனை பேர் நேசித்தார்கள் என்று பார்த்தால் முதலாவது 82 சதவீதம், இரண்டாவது 39. இந்த ஒரு விவரத்துக்காகத்தான் முழு வாக்கெடுப்பும் நடத்த வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. வரிசை புள்ளிப்படியே இருக்கட்டும், ஆனால் பக்கத்தில் 'பார்த்தவர்', 'சேர்த்தவர்' என்று இரண்டு எண்களையும் போடுங்கள். இரண்டு பேர் பார்த்து இரண்டு பேரும் சேர்த்தால் நூறு சதவீதம் வந்துவிடும், அதனால் குறைந்தது எட்டுப் பேர் பார்த்த தொடர்களுக்கு மட்டும் இந்த விகிதத்தைக் கணக்கிட்டேன்.

முதல் சில இடங்கள் மிக நெருக்கமாக இருந்தால், இரண்டிரண்டாக மோதவிட்டுப் பாருங்கள். இரண்டையும் பார்த்தவர்களை மட்டும் எடுத்து, அவர்களில் எத்தனை பேர் எதை மேலே வைத்தார்கள் என்று எண்ண வேண்டும். இது கோந்தோர்சே என்ற பிரெஞ்சு அறிஞர் 1785-இல் எழுதிய வழி. ஆனால் சில சமயம் சுற்றிக்கொள்ளும். ஒருவர் அ, ஆ, இ என்கிறார், இன்னொருவர் ஆ, இ, அ என்கிறார், மூன்றாமவர் இ, அ, ஆ என்கிறார். அ ஆவை வெல்லும், ஆ இயை வெல்லும், இ அவை வெல்லும். அப்படி வந்தால் மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துவிடுங்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவற்றை வரிசைப்படுத்தும்போது நியாயமான நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒருங்கே நிறைவேற்றும் முறை எதுவும் கிடையாது என்று பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1951-இலேயே நிரூபித்துவிட்டார். சமநிலை வந்தால் அதை மறைக்க வேண்டியதில்லை.

எண்ணுகிற வேலையில் நேரம் போவது கூட்டலில் இல்லை, பெயர்களில். ஒரே தொடரை நாலு விதமாக எழுதியிருப்பார்கள். எங்கள் குழுவில் ஆறு பேர் 'த ஆஃபீஸ்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். 2001-இல் தொடங்கிய பிரிட்டிஷ் தொடரா, 2005-இல் தொடங்கிய அமெரிக்கத் தொடரா? அமெரிக்கத் தொடர்தான் என்று நானாக முடிவுகட்டி எழுதப் போனேன், அப்புறம் மனசு கேட்காமல் ஒவ்வொருவரையும் கேட்டேன். நாலு பேர் அமெரிக்கத் தொடர். இரண்டு பேர் பிரிட்டிஷ், அதில் ஒருவருக்கு அதுதான் முதலிடம். நான் கேட்காமல் விட்டிருந்தால் அவருடைய 12 புள்ளியும் வேறொரு தொடருக்குப் போயிருக்கும். பழைய தொடரை மறுபடி எடுத்தவை, ஒரே பெயரில் இரண்டு நாட்டில் வந்தவை, இவற்றை முன்மொழிவுப் பட்டியலிலேயே ஆண்டோடு தனித்தனியாக எழுதிவிடுங்கள். 'டாக்டர் ஹூ' மாதிரி 1963-இல் தொடங்கி, 1989-இல் நின்று, 2005-இல் திரும்பி வந்த தொடரை ஒன்றாக எண்ணுவதா இரண்டாகவா என்பதையும் குழுவே முதலில் தீர்மானிக்கட்டும்.

வாக்கு முடியும்வரை இடைநிலை முடிவைக் காட்டவே கூடாது. காட்டினால் முன்னால் இருப்பதற்கு எதிராகச் சிலர் வேண்டுமென்றே ஒரு நல்ல தொடரைக் கீழே தள்ளுவார்கள், சிலர் ஜெயிக்கிற பக்கம் சாய்வார்கள். புள்ளி முறையின் பெரிய பலவீனம் அதுதான்.

நேரமும் முக்கியம். எங்கள் முதல் வாக்கெடுப்பு, குழுவே சேர்ந்து பார்த்த ஒரு தொடரின் கடைசிப் பகுதி முடிந்த அதே வாரம் நடந்தது. முடிவு பிடிக்காத கோபத்தில் அதற்கு விழுந்த மதிப்பெண்களைப் பார்த்தால், வருஷக்கணக்கில் ஒவ்வொரு வாரமும் அதற்காகக் காத்திருந்தவர்கள்தானா இவர்கள் என்று தோன்றும். எட்டு மாதம் கழித்து அதே ஆட்கள் அதை நல்ல இடத்தில் வைத்தார்கள். பெரிய தொடர் எதுவும் முடியாத, தொடங்காத ஒரு மாதமாகப் பார்த்து வையுங்கள்.

'உண்மையான' முதலிடம் எது என்ற கவலை வேண்டாம். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2000-இல் துறைக்காரர்களைக் கேட்டுப் போட்ட பிரிட்டிஷ் நிகழ்ச்சிகள் பட்டியலில் முதலிடம் 'ஃபால்ட்டி டவர்ஸ்'. மொத்தமே 12 பகுதிகள்தான். டிவி கைடு இதழுக்கு 2002-இல் 'சைன்ஃபெல்ட்'. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 2013-இல், எழுத்தை மட்டும் வைத்து, 'த சொப்ரானோஸ்'. பிபிசி 2021-இல் 43 நாடுகளைச் சேர்ந்த 206 வல்லுநர்களிடம் இந்த நூற்றாண்டின் தொடர்களைக் கேட்டபோது 'த வயர்'. அது ஒளிபரப்பான நாளில் அதிகம் பேர் பார்க்கவில்லை, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வேறு ஆட்களிடம் வேறு கேள்வி கேட்டார்கள், வேறு பதில் வந்தது. உங்கள் பட்டியலின் தலையிலும் யாரைக் கேட்டோம், என்ன கேட்டோம் என்று இரண்டு வரி போட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பட்டியலை வெறும் பெயர்களாக வெளியிடாதீர்கள். ஒவ்வொரு தொடருக்கும் கீழே, அதை மிக மேலே வைத்தவர் எழுதிய இரண்டு வரியைச் சேருங்கள். எங்கள் பட்டியலில் 11 பேர் மட்டும் பார்த்த அந்தத் தொடர் 19-ஆம் இடத்தில் இருந்தது. அதை முதலிடத்தில் வைத்த தோழி குழுவில் அதிகம் பேசாதவர். "இரண்டாம் பகுதியில் அம்மாவும் மகளும் பேசாமல் துணி மடிக்கும் காட்சிவரை மட்டும் பாருங்கள், அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை" என்று எழுதியிருந்தார். அந்த வாரமே மூன்று பேர் ஆரம்பித்துவிட்டார்கள், நானும் ஒருத்தி. அதற்குப் பிறகு அந்தக் காட்சியைப் பற்றித் தினமும் யாராவது ஒருவர் அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இப்போது அந்தத் தொடருக்கு எதிரே 'பார்த்தேன்' டிக் 19.