விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் ஒரே குரல்தான். தொடங்கினேன், தடுக்கியது, விட்டுவிட்டேன், மறுபடி எப்படி? நான்கு கடிதங்களை இங்கே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் செஜாரா (வரலாறு) மட்டும் போய்விட்டது. போன வருடம் மறுதேர்வுக்குப் பதிந்து, தினமும் இரவு 9 முதல் 11 வரை படிப்பு என்று அட்டவணை ஒட்டினேன். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மூன்று வாரத்தோடு சரி, தேர்வுக்கே போகவில்லை. வயது 20. மறுபடி ஆரம்பித்தால் வீட்டில் சிரிப்பார்கள்.

பதில்: 2013 முதல் செஜாராவில் தேர்ச்சி இல்லையென்றால் மற்ற பாடங்களில் எத்தனை ஏ இருந்தாலும் எஸ்.பி.எம். சான்றிதழ் கைக்கு வராது. ஆகவே இதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை.

ஆனால் அந்த அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். உங்களைக் கவிழ்த்தது அதுதான். ஷிப்ட் மாறுகிற வாரத்தில் இரவு 9 மணிக்கு நீங்கள் தொழிற்சாலைக்குள் இருப்பீர்கள். இரண்டு நாள் விட்டதும் ‘போச்சு’ என்று தோன்றியிருக்கும். படிப்பைக் கடிகாரத்தில் கட்டாமல் குளியலில் கட்டுங்கள். எந்த ஷிப்ட் ஆனாலும் தூங்கி எழுந்து குளிக்காமல் இருக்கப் போவதில்லை. குளித்ததும் 25 நிமிடம், வாரத்தில் 4 நாள். அதற்கு மேல் ஆசை வந்தாலும் முதல் மாதம் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த 25 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். 10 நிமிடம் இரண்டு பக்கம் வாசிப்பது. அடுத்த 10 நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு, காரணம் என்ன, விளைவு என்ன என்று மலாயிலேயே எழுதுவது. கடைசி 5 நிமிடம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்ப்பது. வெறுமனே வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். தாளில் கை நிற்கும்போதுதான் தெரியாதது தெரியும். முதல் தாளின் 40 கொள்குறி வினாக்களை நினைவை வைத்துச் சமாளிக்கலாம். இரண்டாம் தாளில் சொந்த வாக்கியம் வேண்டும்.

முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்காதீர்கள். மூன்று வாரம் பார்த்துச் சலித்த பக்கங்கள் அவை. நான்காம் படிவப் புத்தகத்தில் 6ஆம் பாடத்தைத் திறங்கள்: கம்யூனிஸ்டு மிரட்டலும் அவசரகாலப் பிரகடனமும். 1948 ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டது உங்கள் ஊர்ப்பக்கத்துத் தோட்டங்களில்தான். அதைத் தொட்டு வந்த அவசரகாலம் 1960இல்தான் முடிந்தது. லயத்து வீட்டில் வளர்ந்த பெரியவர் யாரையாவது அந்த நாள்களைப் பற்றிக் கேட்டுவிட்டுப் பாடத்தைப் படித்தால் பாதி தானாக மனத்தில் உட்காரும். நான்காம் படிவத்தில் 10, ஐந்தாம் படிவத்தில் 10, ஆக 20 பாடங்கள். வாரத்துக்கு ஒன்று என்றால் ஐந்து மாதத்தில் முடியும்.

ஒரு நாள் விட்டால் மறுநாள் இரட்டிப்பாகப் படிக்க வேண்டாம். அந்தக் கடன்தான் மூன்றாம் நாள் புத்தகத்தைத் தொட விடாது. பதிவுத் தேதியைத் தேர்வு வாரிய அறிவிப்பில் பார்த்து முதலில் பதிந்துவிடுங்கள். வீட்டில்? சொல்லத்தான் வேண்டுமா என்ன?

கேள்வி: வயது 47, இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது. திடலைச் சுற்றி தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன். டெங்கி வந்து நான்கு மாதம் விட்டுப்போனது. போன வாரம் பழையபடி ஒரு மணி நேரம் நடந்தேன். மறுநாள் காலையில் குதிகாலை ஊன்ற முடியவில்லை. இனி நம்மால் ஆகாதா?

பதில்: ஆகும். ஒரு மணி நேரம்தான் தப்பு. நான்கு மாத ஓய்வுக்குப் பிறகு மூச்சு சீக்கிரம் பழகிவிடும். காலின் நாண்களும் நார்களும் மெதுவாகத்தான் வரும். மூச்சு ‘போகலாம்’ என்று சொல்வதைக் கேட்டுக் குதிகால் அடிபடுகிறது. கட்டிலை விட்டு இறங்கும் முதல் சில அடிகளில் குத்தி, நடக்க நடக்கக் குறைந்தால் பெரும்பாலும் அது உள்ளங்கால் நார் இழுத்துக்கொண்ட வலி.

வலி அடங்கியதும் 15 நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு வாரம். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். ஐந்தாம் வாரத்தில் 30 நிமிடம் வந்துவிடும். அங்கே நில்லுங்கள், நாள்களை மட்டும் கூட்டுங்கள். வாரம் 5 நாள் 30 நிமிடம் என்றால் 150 நிமிடம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு அதுதான். மறுநாள் காலை வலி முந்தைய நாளைவிடக் கூடினால் ஒரு படி இறங்கிவிடுங்கள்.

சிலிப்பரில் நடக்க வேண்டாம். இனிப்பு நீர் உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், கொப்புளம் தெரியாது. இரவில் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். புண் இருந்தால் தள்ளிப்போடாமல் கிளினிக். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர் பையில் இரண்டு மூன்று மிட்டாய் வைத்திருக்க வேண்டும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

கேள்வி: மகள் படிப்புக்காக மாதம் 200 வெள்ளி கூட்டு (சீட்டு) கட்டினேன். 14ஆம் மாதம் கூட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டே போய்விட்டார். சேமிப்பு என்ற பேச்சே இனி வேண்டாம் என்றிருக்கிறேன்.

பதில்: 2,800 வெள்ளி. சின்னத் தொகையில்லை. கூட்டு நடத்துவதே 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கைப்பேசிச் செய்திகளையும் பணம் மாற்றிய சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போலீஸில் புகார் கொடுங்கள். பணம் திரும்பும் என்று கணக்குப் போடாதீர்கள். அதைவிட முக்கியம், விட்டதைச் சீக்கிரம் பிடிக்க ‘மூன்று மாதத்தில் இரட்டிப்பு’ என்று வரும் ஆள் பக்கம் போகாதீர்கள். முதல் அடி விழுந்தவரைத்தான் அவர்கள் தேடி வருவார்கள்.

200ல் தொடங்க வேண்டாம், 50 போதும். சம்பள நாளன்றே, ஏ.டி.எம். அட்டை இல்லாத தனிக் கணக்கில். நீங்கள் சொந்தத் தொழில் செய்பவரானால் ஊழியர் சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள்: 2025 முதல் நீங்கள் போடும் தொகைக்கு 20 விழுக்காடு அரசாங்கம் சேர்க்கிறது, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை. ஆனால் அது முதுமைக்கான பணம்; மகள் படிப்புப் பணத்தை அதோடு கலக்காதீர்கள். சிறு தொகை என்று இளக்காரம் வேண்டாம். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டம் தோட்டமாகப் போய்த் திரட்டியது பத்துப் பத்து வெள்ளிதான். (அது பதிவு பெற்ற சங்கம், கூட்டு அல்ல.)

தூக்கம் போய், சாப்பாடு பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், கணக்கை ஓரம் வைத்துவிட்டு 15555 என்ற சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: போன தீபாவளிக்கு 60 போத்தல் முறுக்கு ஆர்டர் எடுத்தேன். நமுத்துப்போனது என்று 22 போத்தல் திரும்பி வந்தது. அச்சைக் கழுவி அலமாரி மேல் போட்டுவிட்டேன். இந்த வருடமும் கேட்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: 38 போத்தல் திரும்பவில்லை. அந்த 22ம் எந்த நாள் சுட்டவை என்று பாருங்கள். கடைசி இரண்டு இரவுகளில் அவசரமாகச் சுட்டவையாக இருந்தால் கைப்பக்குவத்தில் குறையில்லை, ஒத்துக்கொண்ட அளவில்தான் குறை.

அவசரத்தில் மூன்று தப்பு நடக்கும். குவாலியில் எட்டு பத்து என்று போட்டால் எண்ணெய்ச் சூடு இறங்கி, முறுக்கு பொரியாமல் எண்ணெய் குடிக்கும். நான்கைந்துக்கு மேல் வேண்டாம். சலசலப்பு அடங்குமுன் அள்ளினால் உள்ளே ஈரம் நிற்கும். நுரை வருவது மாவிலுள்ள தண்ணீர் வெளியேறுவதால்தான்; நுரை அடங்கி எண்ணெய் அமைதியானபின் எடுக்க வேண்டும். மூன்றாவது, சூட்டோடு மூடுவது. மூடியின் உட்பக்கம் ஆவி பூத்தால் அந்தப் போத்தல் போனது போனதுதான். தாளில் பரப்பி 40 நிமிடம் ஆறவிட்டு, ஒன்றை உடைத்துப் பாருங்கள், ‘டக்’ என்று முறிய வேண்டும். ஆறியதும் மூடிவிடுங்கள், தீபாவளி மழைக்காலத்தில் இரவு முழுக்கத் தட்டில் கிடந்தால் காற்றின் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும்.

பண்டிகைக்கு ஆறு வாரம் முன்பு 1 கிலோ மாவில் மட்டும் சுட்டு, தேதி எழுதி மூடிவையுங்கள். 3, 7, 14, 21ஆம் நாள்களில் ஒவ்வொரு போத்தலாகத் திறந்து கடித்துப் பாருங்கள். 21ஆம் நாளும் முறிந்தால் ஆர்டர் எடுங்கள். இம்முறை 25 போத்தல், பாதிப் பணம் முன்கூட்டியே. போன வருடம் திருப்பித் தந்தவர்களில் இரண்டு பேருக்குச் சோதனைப் போத்தலைக் கொடுத்து, பத்து நாள் கழித்துத் திறக்கச் சொல்லுங்கள். அவர்கள் நாக்குதான் சரியான தராசு.

அச்சை இந்த வாரமே இறக்குங்கள். மர அச்சு என்றால் இத்தனை நாளில் துளைகளில் பூஞ்சை பிடித்திருக்கும். வெந்நீரில் தேய்த்துக் கழுவி, ஒரு முழு நாள் வெயிலில் காயவைத்து, கைப்பிடியில் விரிசல் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.