யாருடைய ஆலோசனையைக் கேட்பது? வாசகர் கேள்விகளுக்கு ஒரு சபை மூப்பரின் பதில்கள்

கேள்வி: ஐயா, வெளிநாட்டு வேலையை ஏற்கலாமா என்று ஐந்து பேரிடம் கேட்டேன், ஐவரும் ஐந்து விதமாகச் சொன்னார்கள். "அநேக ஆலோசனைக்காரர் உண்டானால் சுகம் உண்டாகும்" என்கிறது நீதிமொழிகள். எனக்கோ குழப்பமே மிஞ்சியது.

பதில்: தம்பி, எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்பதைவிட, எந்த மனதோடு கேட்டீர்கள் என்பதே முக்கியம். சாலொமோன் ராஜா தங்கள்மேல் சுமத்திய பாரமான நுகத்தை இலகுவாக்கும்படி இஸ்ரவேல் ஜனங்கள் வேண்டியபோது, அவருக்குப் பின் அரசாள வந்த மகன் ரெகொபெயாம் மூன்று நாள் தவணை கேட்டு, முதியோரிடமும் தன்னோடு வளர்ந்த வாலிபரிடமும் ஆலோசனை கேட்டான். ஆனால் 1 இராஜாக்கள் 12:8-ஐ நிதானமாக வாசியுங்கள்: முதியோர் சொன்னதைத் தள்ளிவிட்ட பிறகுதான் அவன் வாலிபரிடம் போகிறான். அப்போது அவனுக்கு 41 வயது; ஆகவே அதை இளமையின் அறியாமை என்றும் சொல்வதற்கில்லை. தன் விருப்பத்துக்கு இசைவான குரல் கிடைக்கும்வரை தேடினான், பத்துக் கோத்திரங்களை இழந்தான். அந்த ஐந்து பதில்களில் எது உங்களுக்கு மிகவும் கசந்ததோ, அதைச் சொன்னவரிடம் மறுபடியும் போய்க் காரணம் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஜெபக்குழுவை நடத்தும் அம்மா, ஒரு வரனைக் குறித்து, "இவர்தான் என்று கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்" என்கிறார்கள். என் மனம் ஒப்பவில்லை. மறுத்தால் கீழ்ப்படியாமை ஆகிவிடுமோ என்று பயமாயிருக்கிறது.

பதில்: மகளே, பயப்படாதே. யூதாவிலிருந்து பெத்தேலுக்கு வந்த தேவனுடைய மனுஷனுக்கு, அங்கே அப்பம் புசிக்கவும் தண்ணீர் குடிக்கவும் வேண்டாம் என்ற கட்டளை நேரடியாகவே கிடைத்திருந்தது. அப்படியிருந்தும், ஒரு கிழவனான தீர்க்கதரிசி, "ஒரு தூதன் என்னோடே சொன்னான்" என்று பொய் சொல்லி அழைத்தபோது, அவன் ஆராயாமல் திரும்பிப்போய், வழியில் சிங்கத்தால் கொல்லப்பட்டான். பொய் சொன்னவன் பிழைத்திருக்க, நம்பியவன் மாண்டுபோன அந்த 1 இராஜாக்கள் 13-ஆம் அதிகாரத்தை என்னால் இன்றும் கலங்காமல் வாசிக்க முடிவதில்லை. அந்த அம்மா பொய் சொல்லுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அன்பினாலேயே தவறாக உணர்ந்திருக்கலாம். ஆனால், தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்று எழுதிய பவுலே, அடுத்த வசனத்தில், எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் சொல்கிறார். ஈசாக்குக்குப் பெண் கேட்கப்பட்ட ரெபெக்காளின் காரியத்தையும் நினைத்துக்கொள். "இந்தக் காரியம் கர்த்தரால் வந்தது" என்று வீட்டார் ஒப்புக்கொண்ட பின்பும், அவளை அனுப்பும் முன், "இந்த மனிதனோடேகூடப் போகிறாயா?" என்று அவளையே அழைத்துக் கேட்டார்கள். உன்னிடமும் அப்படிக் கேட்கப்பட வேண்டும். யோசித்து ஜெபிக்க அவகாசம் கேள். அதைத் தர மறுத்து உன்னை அவசரப்படுத்துகிறவர் யாராயிருந்தாலும், அந்த அவசரத்துக்கு நீ கட்டுப்பட வேண்டியதில்லை.

கேள்வி: விசுவாசி அல்லாத ஒருவரின் ஆலோசனையை ஏற்கலாமா?

பதில்: ஏற்கலாம். தனி ஒருவனாக நியாயம் விசாரித்துத் தளர்ந்துபோன மோசேக்கு, பொறுப்பைப் பகிர்ந்துகொடுக்கச் சொன்னவர், இஸ்ரவேலர் அல்லாத, மீதியானின் ஆசாரியராகிய அவருடைய மாமன் எத்திரோ. அவரும், தேவன் இப்படிக் கட்டளையிட்டால் செய்யும் என்றே சொன்னார்.

கேள்வி: ஞாயிறு பள்ளி ஆசிரியையாகிய நான், ஒரு பெண்ணுக்கு அவசரத்தில் தவறான ஆலோசனை கொடுத்துவிட்டேன். இனி என்ன செய்வது?

பதில்: சகோதரி, ஆலயம் கட்ட விரும்பிய தாவீதிடம், "உம்முடைய இருதயத்தில் உள்ளபடியெல்லாம் செய்யும்" என்று தீர்க்கதரிசியாகிய நாத்தான் முதலில் சொல்லிவிட்டார். அன்று இரவே கர்த்தருடைய வார்த்தை வேறுவிதமாய் வந்தபோது, தன் மதிப்பைக் காத்துக்கொள்ள முயலாமல், ராஜாவிடம் திரும்பிப்போய் அதை அப்படியே அறிவித்தார். நீங்களும் அந்தப் பெண்ணை இந்த வாரமே சந்தித்து, நான் சொன்னது தவறு என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.