அப்பாவுக்குப் பார்க்கின்சன். மாத்திரையைத் தள்ளிப்போடலாமா? ஆராய்ச்சியில் சேர அழைக்கிறார்கள், சேரலாமா?

கை கால் இறுக்கமோ நடுக்கமோ அன்றாட வேலைக்குத் தடையாகிவிட்டது என்றால் மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆராய்ச்சியிலும் சேரலாம், படிவத்தை முழுக்கப் படித்த பிறகு.

எங்கள் வீடு காசிமேட்டில். நைனா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். பிறகு கரையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைப் பின்னிக் கொடுத்தார். அவருக்கு முதலில் போனது மூக்கு. அடுப்பில் கருவாடு வறுபடும்போதுகூட வாசனை தெரியவில்லை என்றார். சளி என்று விட்டுவிட்டோம். சில வருடம் கழித்துத் தோள் இறுகியது. எலும்பு மருத்துவரிடம் மாதக்கணக்கில் அலைந்தோம். மடிமேல் சும்மா கிடந்த கையில் விரல்கள் எதையோ உருட்டுவதுபோல் ஆடத் தொடங்கிய பிறகுதான் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். உடல் அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளை மூளையின் ஆழத்தில் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது இந்த நோய். நடுக்கம் கண்ணில் படும்போது அவற்றில் கணிசமான பங்கு போயிருக்கும்.

அந்த டோபமின் குறையை ஈடுகட்டத் தரும் மாத்திரைதான் லெவோடோபா. "இப்போதே லெவோடோபா தொடங்கினால் பின்னால் வேலை செய்யாது" என்று எங்கள் தெருவில் சொன்னார்கள். நம்பி நான்கு மாதம் கடத்தினேன். அந்த நான்கு மாதமும் சட்டைப் பொத்தான் போட நைனா என்னைக் கூப்பிட்டார். நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

2019-இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று வெளியானது. ஆரம்ப நிலையில் இருந்த 445 பேர். ஒரு பாதியினருக்கு முதலிலிருந்தே லெவோடோபா. மற்றவர்களுக்கு 40 வாரம் மருந்தில்லாத வெற்று மாத்திரை, அதன் பிறகே லெவோடோபா. 80-ஆம் வாரத்தில் இரு தரப்புக்கும் நோயின் நிலையில் வித்தியாசம் இல்லை. முன்னதாகத் தொடங்கியது நோயைத் தடுக்கவும் இல்லை, கெடுக்கவும் இல்லை. பிறகு எதற்காகக் கஷ்டப்பட்டுக் காத்திருக்க வேண்டும்? தாங்கள் விழுங்குவது எது என்று தெரியாமலே சம்மதித்த அந்த மனிதர்கள் இல்லாவிட்டால் உங்களுக்கு நான் இதைச் சொல்லியிருக்க முடியாது.

மாத்திரைக்கு நேரம் முக்கியம். மதியம் மீன் குழம்புச் சோற்றோடு கொடுத்த நாட்களில் நைனாவின் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. புரதமும் லெவோடோபாவும் உடலுக்குள் போக ஒரே வாசலில் முட்டிக்கொள்பவை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே கொடுக்கத் தொடங்கினோம், மீனை நிறுத்தவில்லை. எந்த நேரம் கொடுத்தோம், எப்போது கை இலகுவானது, எப்போது மறுபடி இறுகியது என்று ஒரு நோட்டில் எழுதினேன். மருத்துவர் அதைப் பார்த்துத்தான் வேளைகளை மாற்றினார். மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது. பூனைக்காலி விதைப் பொடி தரச் சொல்லி யாராவது வருவார்கள். அந்த விதையில் உண்மையாகவே லெவோடோபா இருக்கிறது. அதனால்தான் மருத்துவருக்குத் தெரியாமல் மாத்திரையோடு சேர்த்துத் தரக்கூடாது. மருந்தின் அளவு எகிறிவிடும்.

ஆராய்ச்சிக்கு வருகிறேன். முதலில், புது மருந்தைச் சோதிக்கிறார்களா, நோயைக் கவனிக்க மட்டும்தானா என்று கேளுங்கள். மருந்துப் பரிசோதனை என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். வெற்று மாத்திரை கிடைக்க வாய்ப்புண்டா, இப்போதைய மருந்தை மாற்றுவார்களா என்றும் கேளுங்கள். பரிசோதனையால் உடலுக்குக் கேடு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர, மருந்துப் பரிசோதனைக்கான 2019-ஆம் ஆண்டின் இந்திய விதிகள் வழி செய்கின்றன. முடிவு அப்பாவுடையது, அவருக்குப் புரியும் தமிழில் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நைனாவுக்கு நான் வாசித்துக் காட்டினேன். "நடுவில் விலகினால் இங்கே வைத்தியம் பார்க்க மாட்டார்களா?" என்று ஒன்றுதான் கேட்டார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை நிற்காது என்று படிவத்திலேயே இருந்தது. கையெழுத்துப் போட்டார். மருந்து எதுவும் தராத ஆய்வு அது. நடக்கச் சொன்னார்கள், ரத்தம் எடுத்தார்கள், புட்டி புட்டியாக முகரச் சொன்னார்கள். கருவாட்டு வாசனை எப்போது போனது என்று அங்கேதான் முதன்முதலாக ஒருவர் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டார்.