தலையைத் திருப்பினால் தலைசுற்றல் போகுமா?

அன்புள்ள சார்,

என் அத்தைக்கு 63 வயது. படுக்கையில் புரண்டால் போதும், அறையே சுழல்கிறது என்பார். மாத்திரைக்கு மேல் மாத்திரை சாப்பிட்டும் கேட்கவில்லை. போன வாரம் பார்த்த காது மூக்கு தொண்டை டாக்டர் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, தலையை இப்படியும் அப்படியும் கொஞ்ச நேரம் திருப்பிவிட்டு அனுப்பிவிட்டார். மாத்திரையும் இல்லை, ஸ்கேனும் இல்லை. சுற்றல் நின்றுவிட்டது. ஆனால் மாமா நம்பவில்லை. தானாகப் போகவிருந்தது போனது, டாக்டர் பேர் வாங்கிக்கொண்டார் என்கிறார். இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் உண்டா?

ம.

அன்புள்ள ம.,

மாமா கேட்பது நியாயமான கேள்வி. இந்த வகைத் தலைசுற்றல் பலருக்குச் சில வாரங்களில் தானாகவே போய்விடும். அதனால் ‘செய்தேன், சரியானது’ என்று யார் சொன்னாலும் அது சான்று ஆகாது.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உள்காதில் புவியீர்ப்பை உணரும் ஒரு பை இருக்கிறது. அதிலுள்ள பசை போன்ற படலத்தில் கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்திருக்கும். வயதாவதாலோ தலையில் அடிபட்டதாலோ சில துகள்கள் உதிர்ந்து, அருகிலுள்ள அரைவட்டக் குழலுக்குள், பெரும்பாலும் பின்புறக் குழலுக்குள், போய்விடுகின்றன. குழலிலுள்ள திரவம் அசைந்தால் தலை சுழல்கிறது என்று மூளை எடுத்துக்கொள்ளும். அத்தை புரண்டு படுத்து அசையாமல் இருப்பார்; துகள்கள் மட்டும் திரவத்தை இழுத்தபடி சரிந்துகொண்டிருக்கும். அவை அடியில் போய்த் தங்கியதும் சுற்றல் நிற்கும். ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஸ்கேனில் இந்தத் துகள்கள் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952இல் விவரித்த சோதனைதான் இன்றும் வழக்கம். உட்காரவைத்து, தலையை 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, தலை சற்றுக் கீழே தொங்கும்படி பிடிப்பார்கள். சில வினாடிகள் ஒன்றும் நடக்காது. அப்புறம் கருவிழி சுழன்றபடி வெட்டி வெட்டித் துடிக்கும். அத்தையின் தலையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் அவர் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

பிறகு திருப்பியது, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்துக் காது மருத்துவர் ஜான் எப்லி வகுத்த முறை. துகள்கள் குழலின் வளைவைச் சுற்றி வந்து மறுபடி பைக்குள் விழும்படி, தலையைப் படிப்படியாக மறுபக்கம் உருட்டுவது. 1980இல் அவர் இதை விளக்கியபோது சக மருத்துவர்கள் ஏளனம் செய்தார்கள். அவர் கட்டுரை வெளியானது 1992இல்! அந்தக் காலத்தில் விடாத தலைசுற்றலுக்குப் பின்புறக் குழலின் நரம்பையே வெட்டும் அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. நரம்பை வெட்டுவதை ஏற்றுக்கொண்டவர்களுக்குத் தலையைத் திருப்புவது வேடிக்கையாகத் தெரிந்திருக்கிறது. கனடாவில் இரண்டு மருத்துவர்கள் அறுவையின்போது குழலைத் திறந்து, உள்ளே மிதந்த துகள்களைக் கண்ணாலேயே பார்த்தார்கள். அந்தச் செய்தி வந்ததும் 1992இல்தான்.

சரி, மாமாவின் கேள்விக்கு வருகிறேன். 2006இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் 66 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நோயுள்ள காதுக்கு எப்லி முறை. மற்றக் குழுவுக்கும் அதே திருப்பல்தான், ஆனால் நோயில்லாத காதுக்கு. 24 மணி நேரம் கழித்துச் சோதித்தால், முதல் குழுவில் 35 பேரில் 28 பேருக்குச் சுற்றல் இல்லை. இரண்டாவதில் 31 பேரில் 3 பேருக்குத்தான் இல்லை. அந்த மூன்று பேர்தான் மாமா சொல்லும் ஆட்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எப்லி தன் முறையில் காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வுக் கருவி வைப்பதையும் சேர்த்திருந்தார். பின்னால் வந்த ஆய்வுகள் அதனால் பெரிய பலன் இல்லை என்று கழித்துவிட்டன. எனக்கு நம்பிக்கை வருவது இந்த இடத்தில்தான். வெறும் வித்தையாக இருந்தால் குருநாதர் செய்ததில் ஒரு துரும்பைக்கூட எடுக்க விடமாட்டார்கள்.

மாத்திரை ஏன் கேட்கவில்லை என்றால், அது சுற்றும் உணர்வை மழுக்கும், துகளை நகர்த்தாது. ஆனால் எல்லாத் தலைசுற்றலும் இது அல்ல. பேச்சுக் குழறுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, கைகால் பலமிழப்பது, நடக்கவே முடியாமல் போவது, இவற்றில் எது சேர்ந்து வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். யூடியூப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கக் கூடாது.

அத்தைக்கு இது திரும்ப வரலாம், பலருக்கு வருகிறது. வைட்டமின் டி அளவை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். 2020இல் வெளியான தென்கொரிய ஆய்வில், அது குறைவாக இருந்தவர்களுக்கு வைட்டமின் டியும் கால்சியமும் கொடுத்தபோது, திரும்ப வருவது ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. ஆனால் ஒப்பிட்ட குழுவுக்குப் போலி மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. மாமா நிச்சயம் இதைப் பிடித்துக்கொள்வார்.