ஜம்ப்ல இழுத்துட்டு ஓடுற போனிக்கு (சின்ன ஜாதிக் குதிரை) ஷோவுக்கு எந்த பிட் (கடிவாளத்துல வாய்க்குள்ள போற துண்டு)?

இங்கிலாந்துல சர்ரே பக்கமிருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணுக்கு 13 வயசு, போனி கானமாராங்கிற அயர்லாந்து இனத்தோட கலப்பு, உயரம் 141 செ.மீ. சாதாரணமா லூஸ் ரிங் ஸ்னாஃபிள்ல, அதாவது ரெண்டு பக்கமும் வளையம் இருக்கிற எளிய பிட்ல, சாதுவா போகுதாம், ஜம்ப் போட ஆரம்பிச்சா மட்டும் கையைப் பிடுங்கிட்டு ஓடுதாம். 143 செ.மீ. வரைக்கும் உள்ள ஒர்க்கிங் ஹன்டர் போனி கிளாஸ்ல (ஜம்ப்பும் சேர்ந்த ஷோ போட்டி) காட்டணும், யார்டுல (குதிரை லாயம்) ஒருத்தர் டச் காக் (ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வளையம் வச்ச பிட்) தர்றேன்னு சொல்றார், வாங்கலாமா?

வாங்காதீங்க சகோதரி. முதல்ல வாயைப் பாருங்க, கடைக்கு அப்புறம் போகலாம். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவுல பல்லே இல்லாத ஈறு இருக்கில்ல, அங்கதான் பிட் உக்காருது, மேல கடைவாய்ப்பல்லுக்கு முன்னாடி வுல்ஃப் டூத்னு குட்டியா ஒண்ணு முளைச்சிருந்தா பிட் அதுல இடிச்சு வலிக்கும், வலி வந்தா குதிரை நிக்காது, வலியை விட்டு ஓடத்தான் பார்க்கும். கடைசியா பல் எப்ப பார்த்தீங்கன்னு நீங்க எழுதவே இல்ல. குதிரை டாக்டரையோ முறையா பரீட்சை பாஸ் பண்ண ஈக்வைன் டென்டல் டெக்னீஷியனையோ (குதிரைப் பல் பார்க்கிறவர்) கூப்பிடுங்க. எந்த பிட் பொருந்தும்னு சொல்ற பிட் ஃபிட்டர்னு இந்த நாட்டுல யார் வேணா போர்டு மாட்டிக்கலாம், கேக்க ஆளில்ல, இத்தனை வருஷமா இதை ஒழுங்குபடுத்தாம வச்சிருக்கிறது எனக்கு ஆத்திரமா இருக்கு. அவங்கள்ல சிலர் போனி வாயைத் திறந்துகூட பார்க்காம 150 பவுண்டு பிட்டை உங்க தலையில கட்டிடுவாங்க.

டச் காக் ஏன் வேணாம்னா, கீழ் வளையத்துல ரெயின் (கையில பிடிக்கிற வார்) மாட்டி இழுக்கும்போது பிட் வாய்க்குள்ள மேல ஏறுது, உச்சந்தலையிலயும் அழுத்துது, நிறைய போனி தலையைத் தூக்கிட்டு இன்னும் வேகமாத்தான் ஓடும். ஷோ ரிங்குக்கு அந்தத் தோற்றமும் ஒட்டாது.

பல் சரியா இருந்தும் இழுக்குதுன்னா என் கணக்கு பெல்ஹாம்தான், நடுவுல மூட்டு இல்லாம லேசா வளைஞ்ச மல்லன் மவுத், ரெண்டு ரெயின். மேல் ரெயின் ஸ்னாஃபிள் மாதிரி, கீழ் ரெயின் தேவைப்பட்டா மட்டும், அதை இழுத்தா தாடைக்குக் கீழ போற செயின் இறுகும். அகலம் பார்க்க வாய்ல ஒரு கயிறைக் குறுக்க வச்சு உதட்டு ஓரத்துல ரெண்டு பக்கமும் குறி போட்டு அளந்துக்கங்க, அதைவிட அரை செ.மீ. கூட இருந்தா போதும். தடிமனா இருந்தா மென்மைன்னு விப்பாங்க, நம்பாதீங்க, போனி வாய் சின்னது, நாக்கு தடிப்பு, தடி பிட்டுக்கு உள்ள இடமே இருக்காது.

ரவுண்டிங்ஸ் பத்தி கண்டிப்பா சொல்லணும். பெல்ஹாமோட மேல் வளையத்தையும் கீழ் வளையத்தையும் சேர்க்குற சின்ன தோல் பட்டை அது, அதுல ஒரே ரெயின் மாட்டிடுவாங்க. ரெண்டு ரெயின் பிடிக்க முடியாத சின்னக் கை பிள்ளைங்களுக்கு சரி, அதை நான் தப்பு சொல்லல. ஆனா அதுல தொட்டாலே செயினும் சேர்ந்து இறுகும், தனித்தனியா வேலை வாங்க வழியில்ல, அப்புறம் பெல்ஹாம் எதுக்கு? 13 வயசுப் பொண்ணுக்கு அது வேணவே வேணாம். வீட்ல ரவுண்டிங்ஸ்ல ஓட்டிப் பழகிட்டு ஷோ அன்னிக்கு காலைல ரெண்டு ரெயின் மாட்டினா கை குழம்பிடும், போனியும் குழம்பிடும். நாலஞ்சு வாரம் முன்னாடியே ரெண்டு ரெயின்ல ஆரம்பிங்க, முதல்ல நடை, ட்ராட், அப்புறம்தான் ஜம்ப்.

எந்த பிட் போடலாம்ங்கிற ரூல் ஷோ நடத்துற ஒவ்வொரு சொசைட்டிக்கும் கிளாஸுக்கும் மாறுது, வருஷத்துக்கு வருஷமும் மாத்துறாங்க, பெத்தவங்க எப்படித்தான் சமாளிப்பாங்களோ. யார்டுல சொல்றதைக் கேக்காம இந்த வருஷ ரூல் புத்தகத்தை எடுத்து உங்க கிளாஸ் பக்கத்தை நீங்களே படிங்க.

போன சீசன்ல ஒரு போனியைப் பார்த்தேன், பெல்ஹாம் செயின் முறுக்கலோட மாட்டி தாடைக்குக் கீழ முடி போய் ரத்தம் கசிஞ்சிருந்துச்சு, வித்தவர் மாட்டுற விதமே சொல்லிக் குடுக்கலையாம். செயினை வலது கொக்கில மாட்டிட்டு, கண்ணி எல்லாம் தட்டையா படியுற வரைக்கும் கடிகார முள் போற பக்கமா திருப்பி, அப்புறம் இடது கொக்கில போடுங்க. கீழ் ரெயினை இழுத்து பிட்டோட பக்கக் கம்பி 45 டிகிரி சாயும்போதுதான் செயின் தாடைக் குழியில படணும், அதுக்கு முன்னாடியே பட்டா ஒரு கண்ணி தளர்த்துங்க.